இரண்டு கோட் கீரை

ஊசி போடுகிற மிஸ்ஸிக்குச் சனம் பயப்படும், மருந்து கலக்குகிறவருக்குக் கும்பிடு போடும், “இதைச் சாப்பிடாதேங்கோ” என்று சொல்லுகிற மிஸ்ஸியை மட்டும் ஒருவரும் ஒரு பொருட்டாக எடுக்க மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் தாதியை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். நான் அந்த மூன்றாவது வகை மிஸ்ஸி. எழுபதுகளின் முற்பகுதியில், திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன மருந்துச்சாலையில், புதன்கிழமைதோறும் நடந்த நெஞ்சு வருத்தக்காரருக்கான, அதாவது இருதய நோயாளிகளுக்கான கிளினிக்கில் எனக்கு வேலை. வருகிறவர்களை நிறுத்துப் பார்ப்பது, பாரம் ஏன் ஏறியது என்று விசாரிப்பது, எதைத் தின்னலாம் எதைத் தொடக்கூடாது என்று தொண்டை வறளச் சொல்லுவது, சொன்னது காற்றோடு போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது.

புருசனின் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து பொரியலை எடுத்துவிட்டு முறைப்பு வாங்கியவர்கள், மாமியாருக்குத் தெரியாமல் சீனிப் போத்தலை ஒளித்து வைத்துவிட்டு ஊரெல்லாம் பேச்சு வாங்கியவர்கள் யாராவது இதை வாசித்தால், நீங்கள் என் ஆட்கள். நான் சொல்லப் போவது உங்களுக்குப் புதிதாக இருக்காது. துணைக்கு இன்னொருத்தி இருக்கிறாள் என்ற ஆறுதலாவது கிடைக்கட்டும்.

வெறும் போத்தல்

அந்த நாளில் மருந்துக்கு வருகிறவர்கள் வீட்டிலிருந்தே போத்தல் கொண்டுவர வேண்டும். கலவை மருந்தை அதில் ஊற்றிக் கொடுப்போம். போத்தல் நிறைந்தால் வைத்தியம் நடந்தது, நிறையாவிட்டால் நடக்கவில்லை என்பது சனத்தின் முடிவு. எங்கள் டொக்டரோ முதலில் சாப்பாட்டைத் திருத்து, பிறகு மருந்தைப் பார்ப்போம் என்கிற கட்சி. இளம் வயது, கொழும்பில் படித்தவர், கோபமே வராதவர். அவருக்கு ஏன் கோபம் வரப்போகிறது? வருகிற சனத்துக்கு விளக்கம் சொல்லி மாரடிக்கிறவள் நான்தானே.

சல்லிக் கிராமத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். கனத்த உடம்பு, இரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதல். உப்பைக் குறையுங்கோ, கருவாட்டை விடுங்கோ, கீரையும் பழமும் நிறையச் சாப்பிடுங்கோ, ஒரு மாதம் கழித்து வாங்கோ என்று சொல்லி டொக்டர் என்னிடம் அனுப்பிவிட்டார். நான் அரை மணித்தியாலம் விளக்கினேன். அம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். இவருக்காவது விளங்கியதே என்று எனக்கு உள்ளம் குளிர்ந்து போயிற்று. எல்லாம் கேட்டு முடித்தபின், கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்த போத்தலை மேசையில் வைத்தார். மருந்து இல்லையம்மா, இனிச் சாப்பாடுதான் மருந்து என்றேன். போத்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நீங்கள் கதைச்சதெல்லாம் நல்ல கதைதான் பிள்ளை, ஆனால் பஸ்ஸில போகேக்கை சனம் போத்தலைத்தானே பார்க்கும்?” என்றார்.

ஆடு தின்னுகிற பட்டியல்

கொழும்பிலிருந்து அச்சடித்த உணவுப் பட்டியல் ஒரு கட்டு வந்தது. நெஞ்சு வருத்தக்காரருக்கு உகந்தவை என்று தலைப்பு. முதலாவது அப்பிள். இரண்டாவது திராட்சை. அதற்குக் கீழே ஒலிவ் எண்ணெய். வெளியிலிருந்து பழங்கள் வருவதை அரசாங்கம் நிறுத்தியிருந்த காலம் அது. அரிசிக்குத் தட்டுப்பாடு, பாண் ரொட்டிக்குக் கியூ, மரவள்ளிக்கிழங்குக்கு மாப்பிள்ளை மரியாதை. அப்பிளைப் படத்தில் காட்டினால்கூடச் சனம் கியூவில் நின்றிருக்கும். இந்தப் பட்டியலை எழுதியவர் எந்தக் கடையில் சாமான் வாங்குகிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டொக்டரிடம் சண்டை பிடித்தேன். அவர் சிரித்துவிட்டு, கடும் நிறம் உள்ளதும் புளிப்பும் துவர்ப்பும் உள்ளதுமாக இங்கே விளைகிறதை எழுதுங்கோ, அதிலும் அதே சத்துத்தான் இருக்கிறது என்றார். இரண்டு நாள் இருந்து கையால் எழுதினேன். முருங்கை இலை, வல்லாரை, பொன்னாங்காணி, நெல்லிக்காய், கொய்யா, பப்பாசி, நாவற்பழம், சூடை மீன், நெத்தலி மீன். முதல் பிரதியைக் கிண்ணியாவிலிருந்து வருகிற ஒரு முஸ்லிம் நானாவிடம் பெருமையோடு நீட்டினேன். அவர் போன கிழமை அந்த அச்சுப் பட்டியலை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்தவர். என் எழுத்தை மேலிருந்து கீழே வாசித்தார். முகம் வாடிப் போயிற்று. “மிஸ்ஸி, இது எங்கட வளவில ஆடு திங்கிற சாமான், எனக்கு அந்த அச்சடிச்ச துண்டே போதும்” என்றார்.

கங்காணி

ஞானம் கங்காணி எங்களிடம் வந்தது அந்த வருடம்தான். துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களின் பக்கவாட்டில் கயிறு கட்டிப் பலகை இறக்கி, அதில் நின்று துருவைத் தட்டிச் சுரண்டி வர்ணம் பூசுகிற கூட்டத்துக்குத் தலைவர். முப்பது வருடம் பலகையில் நின்ற மனிதர். ஒரு முற்பகலில் அந்தப் பலகையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார். கூட இருந்தவர்கள் இழுத்து மேலே எடுத்திருக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்து, எங்கள் கிளினிக்குக்கு வந்தபோது இருநூற்றுப் பத்து இறாத்தல்.

டொக்டர் ஒளிக்காமல் சொன்னார். முப்பது இறாத்தல் இறங்கினால் பலகைக்குப் போகத் துண்டுச் சீட்டுத் தருவேன். இறங்காவிட்டால் தரையில் காவல் வேலைதான். இன்னொரு தரம் நெஞ்சு நொந்தால் என்னால் ஒன்றும் செய்ய ஏலாது. பிறகு என்னைப் பார்த்து, இவர் உங்கள் பொறுப்பு மிஸ்ஸி என்றார். என் தகப்பனும் இதே வயதில், இதே உடம்போடு, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கதிரையில் சாய்ந்தவர் எழும்பவில்லை. இந்த மனிசனை விடக்கூடாது என்று அப்போதே நினைத்துக்கொண்டேன். தரை வேலை என்றால் என்ன குறைந்தா போய்விடும் அண்ணை, உயிர் பெரிதில்லையா என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற அவருடைய மனைவி பூமணியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கங்காணி மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தார். “தரையில நிண்டால் நான் ஆர் மிஸ்ஸி, பலகையில ஏறினால்தானே கங்காணி?”

மூட்டைத் தராசு

எங்கள் தராசு பழுது. திருத்துவதற்கு எழுதிப் போட்டு, பதில் வராமல், பக்கத்துப் பண்டகசாலையில் மூட்டை நிறுக்கிற பெரிய தராசில்தான் வருத்தக்காரரை நிறுத்தோம். அங்கே இருந்த கிளாக்கருக்குத் தொண்டை பெரிது. கோதுமை மா மூட்டைக்குக் கூப்பிடுகிற அதே குரலில் மனிதரின் பாரத்தையும் கூப்பிடுவார், அது வீதி வரைக்கும் கேட்கும். ஆகையால் பெண்கள் ஒருவரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். அவர்களின் பாரத்தை நான் கண்மதிப்பாக எழுதிக்கொள்வேன். பூமணியக்கா எங்கள் வருத்தக்காரி அல்ல. புருசனுக்குத் துணையாக வருகிறவர். அவர் வாசலிலேயே நின்றுகொள்வார்.

கங்காணிக்கு வெட்கம் கிடையாது. சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஏறி நிற்பார். முதல் மாதம் முடிந்து ஏறியபோது, நான் மனதுக்குள் எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டுக்கொண்டு நின்றேன். கிளாக்கர் இரும்புப் படியை ஒன்று வைத்தார், இன்னொன்று வைத்தார், குனிந்து பார்த்தார். “மிஸ்ஸி, இந்த மூட்டை போன மாசத்தை விடக் கூடியிருக்கு, ஆரோ ஓட்டையைத் தைச்சுப் போட்டினம்!”

துரு

கங்காணிக்குப் புரிகிற மாதிரி நான் சொல்லுகிறேன் என்று டொக்டரே முன்வந்தார். தேங்காய் எண்ணெயைத் திறந்து வைத்தால் காற்றுப் பட்டுக் கெட்டுக் காறிப் போகிறதல்லவா, நம் இரத்தத்தில் ஓடுகிற கொழுப்புக்கும் அப்படி ஏதோ நடக்கிறது என்று சிலர் நினைக்கிறார்கள், இன்னும் முடிவாகச் சொல்ல ஏலாது, ஆனால் கீரையிலும் நெல்லிக்காயிலும் காறுவதைத் தடுக்கிற சத்து உண்டு என்றார். கங்காணி கொட்டாவி விட்டார். உடனே டொக்டர், கப்பலுக்குத் துரு பிடிக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கோ, நெஞ்சுக்குப் போகிற குழாய்க்குள்ளும் துரு என்றார். கங்காணி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஓம், இப்ப விளங்குது என்றார். எனக்கும் சந்தோசம்.

அடுத்த மாதம் விசாரித்தால், மனிசன் அதுவரை கொஞ்சமாவது தின்ற கீரையையும் அடியோடு விட்டுவிட்டார். ஏன் அண்ணை என்றேன். எங்கள் சுவரைக் காட்டினார். செவ்வாய்க்கிழமைகளில் அதே அறையில்தான் கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக். ‘கீரையில் இரும்புச்சத்து உண்டு’ என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. எழுதி ஒட்டியவளும் நான்தான். இரும்பை உள்ளே விட்டுவிட்டுத் துருப்பிடிக்கிறது என்று ஆரை நோகிறது மிஸ்ஸி, முப்பது வருசமாய்த் துருவோடு சீவிக்கிறவனுக்கு இது தெரியாதா என்கிறார். கீரையில் இருக்கிற இரும்பு கப்பல் இரும்பு மாதிரி இல்லை என்றேன். இரும்பில் எத்தனை சாதி என்று கேட்டார். எனக்குத் தலை சுற்றியது. சுவரில் இருந்த அந்தத் தாளைக் கிழித்து எறியலாமா என்றுகூட யோசித்தேன், கர்ப்பிணிகள் என்ன பாவம் செய்தார்கள்?

கடைசியில் கதையை அவர் வழிக்கே கொண்டுபோனேன். துருவைச் சுரண்டினபிறகு என்ன செய்வீர்கள் அண்ணை? சிவப்பு வர்ணம் பூசுவம். எதுக்கு? திரும்பத் துருப்பிடிக்காமல். அந்த வர்ணந்தான் அண்ணை கீரை என்றேன். கதிரையை என் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு வேலைக்காரன் வேலைக்காரனிடம் கேட்கிற மாதிரிக் கேட்டார்: “அப்ப எத்தினை கோட் அடிக்கோணும், மிஸ்ஸி?”

குசினிக்குள்

காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று, இரண்டு கோட் என்று சொல்லிவிட்டேன். மனிசன் நேர்மையாக இரண்டு வேளையும் கீரை தின்றார். தராசோ அசையவில்லை. இனிப் பொறுக்க ஏலாது என்று ஒரு சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்கே போய்விட்டேன்.

பூமணியக்கா குசினியில் நின்றார். அடுப்பில் முருங்கை இலை. பார்த்தவுடன் எனக்கு நெஞ்சு குளிர்ந்தது, கிட்டப் போனதும் கொதித்தது. இலை தேங்காய்ப்பாலுக்குள் நீச்சலடித்துக்கொண்டிருந்தது, அதுவும் கட்டியான முதற்பால். அதற்குமேல் எண்ணெயில் தாளிதம். நான் பட்டியலில் எழுதிய மீன் பக்கத்துச் சட்டியில் எண்ணெய்க்குள் மொறுமொறுவென்று இருந்தது. நெல்லிக்காய் எங்கே என்றேன். சீனிப் பாகில் போட்டு வைத்த போத்தலை எடுத்துக் காட்டினார். கூப்பன் கடையில் அளந்து கொடுத்த சீனி முழுதும் அதற்குள்தான். அக்கா, நான் சொன்னது இதுவா என்று கத்தியே விட்டேன். அவர் அகப்பையைக் கழுவிக்கொண்டு அமைதியாகச் சொன்னார்: “நீங்கள் சொன்னதும் இதுக்குள்ள இருக்கு, எனக்குத் தெரிஞ்சதும் இதுக்குள்ள இருக்கு, கோவிக்காமல் ஒருக்கால் ருசி பாருங்கோ.”

ருசி பார்த்தேன். அந்த ருசியைப் பற்றி இங்கே எழுத மாட்டேன்.

வாசம்

அன்று நான் போட்ட சத்தத்தில் இரண்டு பேரும் பயந்துவிட்டார்கள் போலிருக்கிறது. பாலில்லாத கீரை, அவித்த மீன், பச்சை நெல்லிக்காய், ஒரு கொய்யாப்பழம் என்று கங்காணிக்குத் தனிச் சமையல் தொடங்கியது. தராசும் இறங்கத் தொடங்கியது. ஐந்து இறாத்தல், பிறகு இன்னும் நாலு. எப்படி அண்ணை இந்த வெறும் சாப்பாடு இறங்குகிறது என்று கேட்டேன். தானே கண்டுபிடித்த வழியைச் சொன்னார். பூமணி வழக்கம்போல மீனைப் பொரித்து, பாற்கறி வைத்து, பக்கத்தில் வைத்துவிட வேண்டும். அவர் அந்த வாசத்தை மூக்கால் இழுத்துக்கொண்டு கீரையைச் சாப்பிடுவார். பொரியலில் கை வைக்க மாட்டார்.

எனக்கு அது பெரிய கெட்டித்தனமாகப் பட்டது. அதன்பிறகு வந்த வருத்தக்காரருக்கெல்லாம் கங்காணியை உதாரணம் காட்டினேன். பாருங்கோ, மனம் இருந்தால் இப்படியும் செய்யலாம் என்று. டொக்டரும் பாராட்டினார். கங்காணி மீசையைத் தடவிக்கொண்டார். “மணத்துக்கு இறாத்தல் இல்லைத்தானே, மிஸ்ஸி?”

நேர்த்தி நடை

தினமும் பின்னேரம் அரை மணித்தியாலம் கடற்கரையோரமாக நடக்க வேண்டும் என்று டொக்டர் கங்காணிக்குச் சொல்லியிருந்தார். இரண்டு மாதம் விசாரித்தபோதெல்லாம் நடை நடக்கிறது என்றே பதில். வெருகல் முருகன் திருவிழா முடிந்த கிழமை பூமணியக்கா நொண்டி நொண்டி வந்தார். என்னக்கா காலுக்கு என்றேன். மூதூருக்குக் கடல்வழியாகப் போய், அங்கிருந்து வெருகலுக்கு நடந்தாராம். புருசனின் நெஞ்சுக்கு நேர்த்திக்கடன். பாதி வழியில் மூச்சு வாங்கி நடக்க முடியாமல், யாரோ உழவு மெசினில் ஏற்றிப் போயிருக்கிறார்கள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அண்ணையின் நடை எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டேன். அப்போதுதான் தெரிந்தது, அவர் ஒருநாளும் நடக்கவில்லை. அவருக்குரிய நடையை எல்லாம் சேர்த்து அக்கா ஒரே தரத்தில் வெருகலுக்கு நடந்து கொடுத்திருக்கிறார்.

அக்கா, அவருக்குச் சொன்ன நடையை அவர்தான் நடக்க வேண்டும், நீங்கள் நடந்தால் அவருடைய நெஞ்சு எப்படித் தேறும் என்று தலையில் அடித்துக்கொண்டேன். அக்காவுக்கு நான் ஏன் கோபிக்கிறேன் என்றே விளங்கவில்லை. “அவர் நடந்தால் என்ன நான் நடந்தால் என்ன மிஸ்ஸி, நேத்தி ஒரே வீட்டுக்குத்தானே?”

துண்டு கிடைத்த நாள்

அதற்குப்பிறகு கங்காணியை நான் விடவில்லை. வேலை முடிந்து போகிற வழியில் கடற்கரையில் நின்று அவர் நடக்கிறாரா என்று பார்த்தேன். மழைக்காலம் தொடங்குகிற நேரத்தில் ஒரு புதன்கிழமை கிளாக்கர் நூற்று எண்பது என்று கூப்பிட்ட சத்தம் துறைமுகத்துக்கே கேட்டிருக்கும். டொக்டர் நாடியைப் பார்த்தார், நெஞ்சைக் கேட்டார், பலகைக்குப் போகலாம் என்று துண்டு எழுதிக் கொடுத்தார். எனக்கு அழுகை வந்தது. என் தகப்பனுக்குச் செய்ய ஏலாததை ஒரு மனிதருக்குச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன், அதை ஏன் மறைக்க வேண்டும்?

பூமணியக்காவிடம் சொல்ல வெளியே ஓடினேன். அவர் வாசற்படியில் குந்தியிருந்தார். முகமெல்லாம் வியர்வை. இடது கையை மற்றக் கையால் பிசைந்துகொண்டிருந்தார். வீதியிலிருந்து நாலு படி ஏறியதற்கு இந்தப் பாடு. உள்ளே கூட்டிக்கொண்டு போனோம். டொக்டர் இரத்த அழுத்தத்தை ஒருதரம் பார்த்தார், நம்பாமல் இன்னொருதரம் பார்த்தார். கொஞ்சம் தேறியபின், கிளாக்கரை வெளியே அனுப்பிவிட்டு நானே அவரை மூட்டைத் தராசில் ஏற்றினேன். பாரம் கங்காணியைவிடக் கூடுதல். சீலை தளர்த்திக் கட்டி இருந்ததில் எனக்குத் தெரியாமல் போயிற்று என்று சொல்லலாம். உண்மையில் நான் பார்க்கவே இல்லை.

என்ன தின்றீர்கள் அக்கா என்று கோபமாகத்தான் கேட்டேன். அவருக்கு வேண்டாம் என்றதைத்தான் என்றார். மணத்துக்காகப் பொரித்த மீன், மணத்துக்காக வைத்த பாற்கறி. பாணுக்குக் கியூவில் நிற்கிற வீட்டில் அதை ஆர் கொட்டுவினம் மிஸ்ஸி என்றார். நெல்லிக்காய், கொய்யாப்பழம்? அது வருத்தக்காரருக்கு உரியதல்லவா, அதில் நான் எப்படிக் கை வைப்பது என்றார். கங்காணி கையில் துண்டோடு சுவரில் சாய்ந்து நின்றார். பிறகு துண்டை மடித்து மேசையில் வைத்துவிட்டு, இது இங்கே இருக்கட்டும் டொக்டர், இவவைப் பாருங்கோ என்றார். காலம் பிந்தவில்லை, மருந்தும் சாப்பாடுமாகப் பிடித்துவிடலாம் என்று டொக்டர் சொன்னபிறகுதான் அவர் கதிரையில் உட்கார்ந்தார். நான் புதிய அட்டை எடுத்துப் பூமணியக்காவின் பெயரை எழுதினேன். இத்தனை மாதமாக நீங்கள் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை அக்கா என்று கேட்டேன். குற்றம் சொல்லுகிற குரலே இல்லாமல் அவர் சொன்னார்: “மாசத்துக்கு மாசம் அவரை நிறுத்தனீங்கள், என்னை ஒருத்தரும் கேக்கேல்லையே, மிஸ்ஸி.”

சொன்னதைச் சனம் கேட்பதில்லை என்று அத்தனை வருடமும் தலையில் அடித்துக்கொண்ட எனக்கு, சொன்னதை அட்சரம் பிசகாமல் கேட்கிற ஒரு வீடு கிடைத்தபோதுதான் தெரிந்தது, நான் சொன்னதே பாதிதான் என்று.